நாக்கு அறியாத அயோடின்: கம்பம் பள்ளத்தாக்கின் மாடும் உப்பும்

மாட்டுக்கு உப்பு வேண்டும் என்பதை மனிதர் மாட்டிடமிருந்தே கற்றிருக்க வேண்டும். மேய்ப்பவனின் வியர்த்த கையை நக்குவதும், உவர் பூத்த மண்சுவரில் நாக்கைத் தேய்ப்பதும், சிறுநீர் ஊறிய தரையை முகர்ந்து நிற்பதும் எந்தத் தொழுவிலும் காணக்கூடியவை. புல்லில் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருப்பதால் புல்லையே நம்பி வாழும் விலங்குக்குச் சோடியப் பசி எழுகிறது. அந்தப் பசி அதை உப்பிருக்கும் இடத்துக்கு இட்டுச் செல்கிறது. இவ்வாறு விலங்கு தனக்கு வேண்டிய தாதுவைத் தானே தேடி, வேண்டிய அளவே எடுத்துக்கொள்வதைத் தன்விருப்பத் தெரிவு எனலாம். கட்டியாகவும் தூளாகவும் இன்று மாட்டின் முன் வைக்கப்படும் தாது உப்புகள் பலவும் இந்தத் தெரிவின் மேல் மனிதர் கொண்ட நம்பிக்கையால் வைக்கப்படுபவையே. ஆயினும் மாட்டின் உடலுக்கு இன்றியமையாத தாதுக்களுள் ஒன்றான அயோடின் அந்த நாக்குக்குத் தெரியாத பொருள்; உப்போடு ஒட்டிக்கொண்டுதான் அது மாட்டின் வயிற்றைச் சென்றடைய முடியும். ஆகவே மேய்ச்சல் மாட்டுக்கு அயோடின் ஊட்டிய வரலாற்றை எழுதப் புகுபவர் உப்பின் வரலாற்றையே முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு அவ்வரலாற்றுக்கு நல்ல களம். மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும் அணைகட்டி நிற்க, நடுவே கூடலூரிலிருந்து வடகிழக்காகக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியே தேனியை நோக்கி இறங்கும் இந்நிலத்தில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைவதைக் காண்பவர்களுக்கு, இது ஒரு காலத்தில் ஆநிரைகளின் நாடாகவும் இருந்தது என்பது எளிதில் தோன்றாது. 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணை திறக்கப்பட்டு அதன் நீர் மலையைத் துளைத்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் வந்த பின்னரே பள்ளத்தாக்கின் அடிப்பகுதி இன்றைய பசுமையை அடைந்தது. மலையடிவாரமோ அதற்குப் பின்னும் மேய்ச்சல் காடாகவே நீடித்தது. ஆண்டிபட்டிக்கு அருகில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களுள் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த ஒருவனுக்காக நாட்டப்பட்டது. அந்தக் கூடல் ஊர் இன்றைய கூடலூராக இருக்கலாம் என்று கருதுவோர் உளர். இந்தியாவில் எழுத்துடன் கிடைத்த மிகப் பழைய நடுகற்களின் வரிசையில் வைக்கப்படும் இக்கல், உயிரைக் கொடுத்துக் காக்கத்தக்க செல்வமாக இங்கே மாடு இருந்ததைக் காட்டுகிறது.

மாடு உள்ளூரில் பெருகியது. உப்பு வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய உமணர் என்னும் வணிகரைச் சங்கப் பாடல்கள் விரிவாகவே பேசுகின்றன. வண்டிச் சக்கரம் ஏற முடியாத மலைப்பாதைகளில் அந்தச் சுமை பொதிமாட்டின் முதுகுக்கு மாறியது. போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலமலைக்கு ஏறிய கணவாய்ப் பாதைகளில் மேலே அரிசியும் உப்பும் சென்றன, கீழே ஏலக்காய் வந்தது. தான் நக்க விரும்பும் பொருளைத் தானே முதுகில் சுமந்து பிறருக்குக் கொண்டுசென்ற அம்மாடுகளை இவ்வரலாற்றில் யாரும் தனியே குறிப்பிடுவதில்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தபின் உப்பு மூட்டைகள் ரயிலில் வந்திறங்கின. மலையேறும் கடைசிக் காததூரம் மட்டும் பழைய முறையிலேயே சில காலம் நடந்தது.

பள்ளத்தாக்கின் மாட்டு மரபில் விலங்கின் தெரிவுக்கு மனிதர் கொடுத்த மதிப்பைக் கம்பத்திலுள்ள தம்பிரான் மாட்டுத் தொழுவைப் போல விளக்கும் சான்று வேறில்லை. கன்னட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்ததாகத் தம் மரபைக் கூறும் காப்பிலியர் என்னும் ஒக்கலிகர் தம்முடன் கொண்டுவந்த புனித மந்தையின் வழித்தோன்றலாக இம்மாடுகளைக் கருதுகின்றனர். 1906இல் வெளியான மதுரை மாவட்டக் கையேட்டில் டபிள்யூ. பிரான்சிஸ் இம்மந்தையைப் பற்றி எழுதியுள்ளார். இம்மாடுகள் ஏரில் பூட்டப்படுவதில்லை. இறந்தால் புதைக்கப்படுகின்றன. மந்தைக்கு ஒரு பட்டத்துக் காளை உண்டு. அது இறந்தால் அடுத்த காளையை மனிதர் தேர்வதில்லை. நல்ல நாளில் மந்தையைக் கூட்டி, சூடம் காட்டி, கரும்புக் கட்டை முன்னே வைக்கின்றனர். எந்தக் கன்று தானாக வந்து அக்கரும்பில் வாய் வைக்கிறதோ அதுவே பட்டத்துக்குரியது. அதற்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, மாலையிட்டு, ஊர்வலமாக அழைத்து வருகின்றனர். மாட்டின் வாய் எதை நாடுகிறதோ அதில் ஒரு மெய்யறிவு இருக்கிறது என்ற எண்ணம் இங்கே சடங்காகவே உறைந்திருக்கிறது. பிற்கால அறிவியல் அந்த எண்ணத்தைப் பாதி உறுதி செய்தது, பாதி மறுத்தது.

தொழு மாடுகளை விட்டால், பள்ளத்தாக்கின் அன்றாட வாழ்வோடு பிணைந்தவை மலைமாடுகள். உருவில் சிறியனவும் கால் உறுதி மிக்கனவுமான இவற்றைத் தேனி மாவட்டத்தின் கூடலூர், கம்பம், போடி, வருசநாட்டுப் பகுதிகளில் மந்தை மந்தையாகக் காட்டுக்குள் ஓட்டிச்சென்று மேய்த்து வந்தனர். பால் இவற்றின் முதன்மைப் பயன் அன்று. சாணமும் கன்றுகளும்தான் உடைமையாளரின் வருமானம். கிடை போடுதல், அதாவது அறுவடையான வயலில் இரவு மந்தையை அடைத்து நிலத்துக்கு எருவூட்டுதல், பள்ளத்தாக்கின் உழவுக்கு நெடுங்காலம் உரமளித்தது. பின்னர் தொழுவில் சேர்ந்த சாணம் கேரளத்தின் இடுக்கிப் பகுதி ஏலத் தோட்டங்களுக்கு லாரிகளில் ஏறியது. காட்டுப் புல்லிலிருந்து மாடு திரட்டிய தாதுக்கள் மலையிறங்கி வந்து, பிறகு வேறொரு மலைக்கு விலையாகிப் போயின. இக்கொடுக்கல் வாங்கலில் மாட்டுக்குத் திரும்பக் கிடைத்தவை தவிட்டிலும் கழுநீரிலும் கலந்த ஒரு பிடி கல்லுப்பும், மலைச்சரிவில் அது தானே கண்டு நக்கிய உவர்மண்ணும்தாம்.

மலையில் பெய்யும் கனமழை நிலத்தின் எளிதில் கரையும் தாதுக்களை அரித்துச் செல்கிறது. சோடியமும் அயோடினும் அவற்றுள் அடங்கும். கடலிலிருந்து காற்றிலும் மழையிலும் சிறுகச் சிறுக வந்து படியும் அயோடின் சரிவான மண்ணில் தங்குவது குறைவு. யானையும் காட்டெருமையும் மானும் உவர் நிலங்களைத் தேடி ஒரே தடத்தில் ஆண்டுக்கணக்காக நடப்பதும், வனத்துறையினர் சரணாலயங்களில் உப்புக்கட்டிகளை வைப்பதும் இதன் விளைவுகளே. உப்பூட்டலைக் கால்நடை வளர்ப்பின் நடுவில் வைத்துச் சடங்காக்கிய மக்களும் தமிழகத்து மலைகளில் உண்டு. நீலகிரித் தோதவர் தம் எருமைகளுக்கு ஆண்டில் சில முறை முறைப்படி உப்பு அளிப்பதை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் நுணுக்கமாக விவரித்தார். அச்சடங்கில் தரையில் குழி தோண்டி, நீர் நிரப்பி, உப்பைக் கரைத்து, எருமைகளை அதில் வாய் வைக்க விடுகின்றனர். எது எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை எருமையே முடிவு செய்கிறது. இதைவிடத் தெளிவான தன்விருப்ப உப்பூட்டலை எந்தப் பண்ணை நூலும் விளக்கிவிடவில்லை.

இந்த எளிய வழக்கத்தின் குறுக்கே ஆங்கிலேய அரசு வந்து நின்றது. சென்னை மாகாணத்தில் 1805இல் உப்பு அரசின் முற்றுரிமைப் பொருளாயிற்று. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம், விளைந்த உப்பை மட்டுமன்றி, தானே பூத்துக் கிடக்கும் இயற்கை உப்பையும் உவர்மண்ணையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மாடு நக்கினால் குற்றமில்லை. மாட்டுக்காக மனிதன் சுரண்டி எடுத்தால் குற்றம். உப்பின் மீதான வரி 1888இல் மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. 1903 முதல் படிப்படியாகக் குறைந்து 1907இல் ஒரு ரூபாய்க்கு வந்தது. 1916இல் ஒன்றேகால் ஆனது. 1923இல் ஓராண்டுக்கு மீண்டும் இரண்டரை ஆனது. மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் உப்பு என்னும் இன்றைய அளவைக் கொண்டு கணக்கிட்டால், நூறு மாடுள்ள மந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கிலோ, அதாவது 29 மணங்குக்குச் சற்று மேல் வேண்டும். இரண்டரை ரூபாய் வீதத்தில் வரி மட்டுமே 73 ரூபாய். அக்காலத்தில் அது சிறு தொகை அன்று. மனிதர் சோற்றுக்கு உப்பைக் குறைக்க முடியாது. மாட்டுக்குக் குறைக்கலாம், குறைத்தால் மாடு முறையிடாது. உப்பு வரியின் சுமை ஏழையின் மீது விழுந்ததைப் பலரும் எழுதியுள்ளனர். ஏழையின் தொழுவில் அது எவ்வாறு இறங்கியது என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து உப்புச் சட்டத்தை மீறினார். 1931 மார்ச்சில் காந்தி – இர்வின் உடன்பாடு, உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தம் தேவைக்கு எடுத்துக்கொள்ள இடமளித்தது. கடலைக் காணாத கம்பத்துக்கு அதனால் பயன் குறைவு. வரி முற்றாக நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு காலமும் பள்ளத்தாக்குக்கு வந்த கடலுப்பில் அயோடின் இருந்ததா என்ற கேள்விக்கு விடை பலருக்கு வியப்பளிக்கும். கடல்நீரில் அயோடின் உண்டு. உப்பளத்தில் படியும் உப்பில் அது மிக அற்பம். பாத்தியில் நீர் வற்றி உப்பு படிகமாகும்போது அயோடின் அதனுடன் சேராமல் எஞ்சிய கசப்பு நீரிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஆகவே தூத்துக்குடியிலிருந்தோ இராமநாதபுரக் கடற்கரையிலிருந்தோ வந்த கல்லுப்பு மாட்டின் சோடியப் பசியைத் தீர்த்ததேயன்றி அயோடின் தேவையைத் தீர்க்கவில்லை. பழைய உப்பில் எல்லாச் சத்தும் இருந்தது, ஆலை உப்பு வந்துதான் கெடுத்தது என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது இந்த இடத்தில் பொருந்தாது. கடலில் அயோடினைத் திரட்டி வைப்பது கடற்பாசி. 1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா வெடியுப்புத் தயாரிக்கும் வேலையிடையே கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் அயோடினை முதன்முதலில் கண்டார்.

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டே தன் சுரப்பை ஆக்குகிறது. அது போதாதபோது சுரப்பி வீங்கிக் கழலையாகிறது. சினைப்பசுவுக்கு அயோடின் குறைந்தால் பசு நலமாகவே தோன்றும். கன்று செத்தோ, நலிந்தோ, மயிர் குறைந்தோ, கழுத்து வீங்கியோ பிறக்கும். சுரப்பியில் அயோடின் இருப்பதை யூகன் பாவுமான் 1895இல் கண்டறிந்தார். அதன்பின் இக்குறைபாட்டுக்கு அயோடின் தீர்வாகும் என்பதைத் தெளிவாக்கியதில் பண்ணை விலங்குகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவின் மொண்டானாவில் பன்றிக்குட்டிகள் மயிரின்றிப் பிறந்து மடிந்தன, 1917இல் ஜி. இ. ஸ்மித்தும் 1918இல் விஸ்கான்சினில் ஹார்ட், ஸ்டீன்பாக் ஆகியோரும் இதன் காரணம் அயோடின் குறைபாடே எனவும், சினைப்பன்றிக்குப் பொட்டாசியம் அயோடைடு கொடுத்தால் இது நிற்கும் எனவும் காட்டினர். மனிதருக்கான அயோடின் உப்பு சுவிட்சர்லாந்தில் 1922இலும் மிச்சிகனில் 1924இலும் கடைக்கு வந்தது.

இந்தியாவில் இதற்குரிய அறிவு தமிழகத்தின் ஒரு மலையூரோடு தொடர்புடையது. கில்கித்தில் கழலையை ஆராய்ந்த இராபர்ட் மெக்காரிசன் பின்னர் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்தினார். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய வி. இராமலிங்கசுவாமி 1956இல் தொடங்கி இமயமலையடிக் காங்கிரா பள்ளத்தாக்கில், ஒரு பகுதிக்கு அயோடின் உப்பும் மற்றொரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கி, அயோடின் பெற்ற ஊர்களில் கழலை குறைவதை நிறுவினார். 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. கழலை இமயத்து நோய் என்ற எண்ணம் பின்வந்த கணக்கெடுப்புகளில் கலைந்தது. குறைபாடு இல்லாத மாநிலமே இல்லை என்று தெரிந்தபின் 1992இல் திட்டத்தின் பெயரும் அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என மாறியது. 1998இல் வந்து 2000இல் விலக்கப்பட்ட தடை, 2006 மே மாதத்தில் மீண்டும் வந்தது. அயோடின் சேராத உப்பை மனிதர் உண்பதற்கென விற்கக்கூடாது என்றானது. ஆலையில் உப்பின் மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்து, பத்து லட்சத்துக்கு 30 பங்கு அயோடின் சேர்த்து அனுப்புகின்றனர். வீட்டை அடையும்போது குறைந்தது 15 பங்கேனும் இருக்க வேண்டும். நாட்டின் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடத்திலுள்ள தமிழ்நாடு இதைப் பயன்படுத்துவதில் பின்தங்கியது. 2018–19ஆம் ஆண்டு நாடு தழுவிய ஆய்வில் போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இங்கே 61.9 சதவீதமே. கல்லுப்பின் மேல் நமக்குள்ள பற்று அதற்கு ஒரு காரணம்.

அயோடின் சேராத உப்பின் மீதான அத்தடையிலேயே கால்நடைக்கு ஒரு விதிவிலக்கு வைக்கப்பட்டது: விலங்குகளின் பயன்பாட்டுக்கான உப்பில் அயோடின் சேர்க்கத் தேவையில்லை. உப்புக் கடையில் மாட்டுக்கென்று மலிவாக வாங்கும் மூட்டை இவ்வாறுதான் அயோடின் இல்லாமல் தொழுவுக்கு வருகிறது. வீட்டு உப்பையே மாட்டுக்கும் போட்டாலும் கணக்கு நிறைவதில்லை. மாட்டின் தீவனத்தில் ஈரம் நீங்கிய எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் அயோடின் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்படும் அளவு. நாளுக்கு ஆறு கிலோ உலர்பொருள் தின்னும் சிறிய மாட்டுக்கு மூன்று மில்லிகிராம் ஆகிறது. 15 பங்கு அயோடினுள்ள உப்பில் 30 கிராம் தின்றால் கிடைப்பது 0.45 மில்லிகிராம், ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி புல்லிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தாக வேண்டும். சவுண்டல் தழை, மரவள்ளி இலை, முட்டைக்கோஸ் கழிவு போன்றவற்றில் அயோடின் பயன்படுவதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அவ்வகைத் தீவனம் மிகுந்தால் தேவை கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் வரை உயரும்.

மாட்டின் நாக்கு இக்குறையை உணர்ந்து ஈடுகட்டுமா என்பதே கடைசிக் கேள்வி. மெல்போர்னில் டெரெக் டென்டன் பல்லாண்டு நடத்திய ஆய்வுகளில், ஆட்டின் உமிழ்நீர்க் குழாயை வெளியே திருப்பிவிட்டு அதன் உடலிலிருந்து நாள்தோறும் சோடியம் வெளியேறச் செய்து, முன்னே சோடியம் பைகார்பனேட் கரைசலை வைத்தபோது, இழந்த அளவை ஏறக்குறைய ஒத்த அளவை ஆடு தானே குடித்தது. சோடியத்தைப் பொறுத்தவரை விலங்கின் அறிவு வியக்கத்தக்கது. கம்பத்தில் கரும்பின் முன் காளையை நிறுத்தியவர்களின் நம்பிக்கை அவ்வளவில் சரி. எரியம் என்னும் பாஸ்பரசு குறைந்த நிலத்தில் மாடுகள் எலும்பைக் கடிப்பதும் நெடுங்காலம் அறிந்ததே. ஆனால் 1970களில் அமெரிக்காவில் பால்மாடுகளின் முன் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் உள்ள கலவைகளை வைத்துப் பார்த்தபோது, அவை தம் தேவைக்கேற்பத் தின்னவில்லை, சுவைக்கேற்பவே தின்றன. அயோடினுக்கென்று தனிப் பசி எந்த மேய்ச்சல் விலங்கிலும் நிறுவப்படவில்லை. ஆகவே பல கிண்ணங்களில் பல தாதுக்களைத் தனித்தனியே வைத்து மாடே தேரட்டும் என விடும் முறை, பார்க்க அழகாயிருந்தாலும், அயோடினைப் பொறுத்தவரை பயனற்றது. உப்பில் கலந்து வைப்பதே வழி. உப்பு அளவோடு உண்ணப்படுவதால் அயோடினும் அளவோடு செல்லும்.

தாது உப்புக் கலவையும் நக்கும் கட்டியும் இந்த அடிப்படையில் அமைந்தவை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே தாது உப்புக் கலவையை வழங்கி வருகிறது. 2020 முதல் தேனியை அடுத்த வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. கறவை மாட்டுக்குத் தவிட்டில் அளந்து போடப்படும் கலவை மலைமாட்டுக்குப் போய்ச் சேர்வது எளிதன்று, ஏனெனில் அம்மாட்டுக்கு அளந்து வைக்கும் தவிடே கிடையாது. அதற்கு ஏற்றது தொழு வாயிலில் கட்டித் தொங்கவிடும் உப்புக்கட்டி. அதிலும் அயோடைடு வடிவில் சேர்த்த அயோடின் மழையிலும் வெயிலிலும் எளிதில் போய்விடும். அயோடேட் வடிவம் தாங்கும். கட்டியை வாங்குபவர் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார், இந்தச் சிறு வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

மந்தைகளின் நிலமோ சுருங்கிவிட்டது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தில் தொடங்கிய மேய்ச்சல் சீட்டு முறை, மேகமலை 2009இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனபின் நெருக்கடிக்கு உள்ளாயிற்று; 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. காட்டில் தானே தேடித் தின்ற மாடு இப்போது தொழுவில் வைத்ததைத் தின்கிறது. உவர்மண்ணும் பலவகைத் தழையும் போனபின், அதற்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை முழுவதும் மனிதரே முடிவு செய்ய வேண்டிய நிலை வந்துள்ளது. ஆயினும் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் விலங்குகளுக்கான உப்பில் அயோடின் தேவையில்லை என்ற விதிவிலக்கு அப்படியே இடம்பெற்றது.